கன்னம் இல்லாத ஃபேன்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. சரோஜாக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் நான் கோபப்பட்ட இடமெல்லாம் வரிசையாக வரும். அதில் ஒன்றில்கூட நியாயம் என் பக்கம் இல்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். இந்த வருஷம் எங்கள் ஊரில் நடந்ததிலேயே உருப்படியான காரியம் அவர் செய்ததுதான்.

என் பேர் பார்த்திபன். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே எனக்கு இரண்டு ஏக்கர் நெல். நெல் மட்டும் சோறு போடாது என்பதால் ஒரு வேனும் வைத்திருக்கிறேன். காலையும் சாயங்காலமும் நாவலூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவேன். நடுவில் கிடைக்கிற பகல்தான் எனக்கு விவசாயம்.

ஏரிக்கரைக்கு அடியில், தாழ்ந்த புறம்போக்கில் இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. இருளர் குடியிருப்பு. அதில் மூன்றாவது வீடு சரோஜாக்காவுடையது. வயது நாற்பத்தாறு. தொழில், எலி பிடிப்பது. ஊரில் பலர் வயது பார்க்காமல் 'ஏ சரோஜா' என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டேன். 'அக்கா' ஆனது ஒரு பந்தயத்தில் தோற்ற பிறகு.

எலி வளையில் புகை போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மண்பானை, அதன் அடியில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. பானைக்குள் வைக்கோலை அடைத்து நெருப்பு வைத்து, பானையின் வாயை வளையின் வாயோடு சேர்த்து ஈர மண்ணால் பூசிவிட்டு, அடி ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை உள்ளே போகும். எலி மயங்கும், இல்லாவிட்டால் வேறு வாசல் வழியாக ஓடப் பார்க்கும். அந்த வாசல்களை எல்லாம் முன்னாலேயே தேடி மூடியிருக்க வேண்டும். பிறகு மண்வெட்டி. வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கிற நெல் பிடித்தவருக்கு. எலியும் அவருக்கே, குழம்புக்கு. வயல்காரனுக்கு மிச்சப் பயிர்.

அன்றைக்கு என் வரப்பில் அவர் நாலு தடவை ஊதிவிட்டு நிமிர்ந்து, "ஏழு மொழம் போவுது. ரெண்டு ரூமு. கடைசி ரூம்ல குட்டி போட்டுகீது" என்றார். வெட்டாமலே எப்படித் தெரியும் என்று நான் எகிறினேன். தப்பாக இருந்தால் பானையை உடைப்பேன், சரியாக இருந்தால் அக்கா என்று கூப்பிடுவேன் என்று கத்தினேன். வெட்டினோம். ஏழு முழம், இரண்டு அறை, கடைசி அறையில் கண் திறக்காத குட்டிகள் ஒன்பது. அன்றிலிருந்து அக்கா.

அவர் கணவர் ஏசுபாதம். மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அங்கிருந்த நர்ஸ் வைத்த பேர் அது. மாசி பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் எல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் சேலையில் கொட்டகை கட்டித் தங்கி கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். அந்த மணலில்தான் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அவர் கன்னியம்மாவையும் கும்பிடுவார், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் வாங்கி வருவார். அக்கா ஊதுவார், அவர் வெட்டுவார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

போன ஆடியில் ஒரு பகல், அக்கா பானையை விட்டுவிட்டு என் வரப்பிலேயே சரிந்தார். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. நானும் ஏசுபாதமும் அவரை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே கீர்த்தனா என்று ஒரு இளம் டாக்டர். மூச்சுக்கு வழி பண்ணி, எக்ஸ்ரே பார்த்து, எங்கள் இருவரையும் வெளியே அழைத்துச் சொன்னார்.

"முப்பது வருஷமா வைக்கோல் புகையக் குடிச்சிருக்காங்க. இன்ஹேலர் தரேன். அதை ஒழுங்கா எடுத்தா தேறுவாங்க. ஆனா இனிமே புகைப் பானையில வாய் வைக்கக் கூடாது. வெச்சா அடுத்த தடவை இங்க வந்து சேர மாட்டாங்க."

ஏசுபாதம் சுவர் ஓரமாக உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டுத் தீர்மானமாகச் சொன்னார். நாவலூரில் ஒரு அபார்ட்மெண்ட். அங்கே அவருக்கு வாட்ச்மேன் வேலை, அக்காவுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை, கீழ்த்தளத்தில் தங்க ஒரு ரூம். மேனேஜர் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இனி அதுதான் என்றார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அக்கா ஜன்னல் வழியாக இதைக் கேட்டுவிட்டு, மூச்சு திரும்பியதும் பேசிய முதல் பேச்சே இதுதான்.

"அங்க போனா ஒருத்தன் சொல்ற எடத்துல நான் தொடப்பம் போடணும். இங்க நான் சொல்ற எடத்துல ஊரே கடப்பாற போடுது. நான் வர மாட்டேன் மாமா."

"உசுரு போனா யாரு சொல்ற எடத்துல கடப்பாற போடுவாங்க?" என்றார் ஏசுபாதம். கடைசியில் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பொங்கல் வரைக்கும் கெடு. வாய் வைக்காமல் எலி பிடிக்க அக்கா வழி கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் தை இரண்டாம் தேதி மூட்டை கட்ட வேண்டியது. நான் சாட்சி.

அக்கா வீடு திரும்பிய மறுநாளே என் வேனுக்குக் குறுக்கே வந்து நின்றார். "தம்பி, நாவலூர்ல காத்து ஊதுற சாமான் எதுனா கெடைக்குமா? சின்னதா, கரண்ட்டு கம்மியா குடிக்கணும்" என்றார். நான் அங்கே பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற கடையில் போய் விசாரித்தேன். கம்பெனிகளில் பெரிய கம்ப்யூட்டரைக் குளிரவைக்கிற ஃபேன் என்று உள்ளங்கை அகலத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். பார்க்கப் பொம்மை போல இருக்கும், போட்டால் மிக்சியாகக் கத்தும். என்னிடம் மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயர் ஒன்று இருந்தது. அதிலிருந்து பேட்டரியைக் கழற்றினோம்.

முதல் ஃபேன் பதினைந்து நிமிஷத்தில் உருகிப் பானையோடு ஒட்டிக்கொண்டது. நான் வாங்கிவந்த சாமான் போச்சே என்று கத்தினேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெருப்புக்குப் பக்கத்துல வெச்சது நம்ம தப்பு. தூர வெக்கணும்" என்றார். பானைக்குப் பதில் எண்ணெய் டின் வந்தது. டின்னுக்கும் ஃபேனுக்கும் நடுவே இரண்டு முழம் இரும்புக் குழாய் வந்தது. குழாய்மேல் ஈரச் சாக்கு சுற்றினார். இரண்டாவது ஃபேன் இன்றுவரை ஓடுகிறது.

புரட்டாசியில் என் வயலில் அந்த மிஷின் வைத்து மூன்று வளைகளைக் காலி செய்தார். வாய் வைக்கவில்லை, இருமவில்லை. ஏசுபாதமே கொஞ்சம் அசந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

பிறகுதான் பிள்ளையார் விஷயம் நடந்தது.

எங்கள் ஏரிக்கரை மேல் அரச மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். ஐப்பசி சங்கடஹர சதுர்த்தி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, வேனுக்கு லீவு. அன்றைக்குச் சாயங்காலம், திருக்கழுக்குன்றத்திலிருந்து பர்வதம் டீச்சர் வழக்கம்போல அருகம்புல் மாலையோடு வந்திருந்தார். ரிட்டயர் ஆனவர், மாதம் தவறாமல் வருவார். அந்த நேரத்தில் அறுபதடி தள்ளி, கரைக்குக் கீழே என் வரப்பில் அக்கா மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பெருச்சாளி வளை. புகை உள்ளே போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மூன்று தடவை வைக்கோல் மாற்றியாயிற்று. ஒரு பெருச்சாளிகூட வரவில்லை.

திடீரென்று கரைமேல் மணிச் சத்தம். பிறகு ஒரே கூச்சல். நான் மேலே ஏறிப் பார்த்தேன். பிள்ளையாருக்கு முன்னால் இருக்கிற கல் மூஞ்சூறு வாகனத்தின் காலடியிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை வந்துகொண்டிருந்தது. வாகனத்தைச் சுற்றி, பிள்ளையாரைச் சுற்றி, அருகம்புல் மாலைக்குள் நுழைந்து எழும்பியது. பர்வதம் டீச்சர் கைகூப்பிக்கொண்டு கண்ணீரோடு நின்றார். நாலு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் சாலையிலிருந்து ஆட்டோக்கள் வரத் தொடங்கின. ஒருவர் தேங்காய்க்கு ஆள் அனுப்பினார்.

அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் கரி பூசிய கையோடு ஓடி வந்தார். "சாமி இல்லீங்க, அது என் பொக. வளை இங்க வந்து தொறக்குது" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. டீச்சரின் காதில் மட்டும் விழுந்தது. அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"ஊதினது நீதான், நான் இல்லேன்னு சொல்லலை. ஊத வெச்சது யாரு?"

கீழே ஏசுபாதம் ஃபேனை நிறுத்தினார், புகையும் நின்றது. பிள்ளையார் சாந்தமாகிவிட்டார் என்று ஒருவர் கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தார். தேங்காய் வந்து சேர்ந்து உடைபட்டது. அக்காவுக்கும் ஒரு மூடி கிடைத்தது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஏரிப் பாசன சங்கத் தலைவர் கலையரசன் சிரிக்கவில்லை. "பிள்ளையார் இருக்கட்டும். நீ எங்க ஊதுறன்னு ஒனக்கே தெர்ல. நாளைக்கு எவன் வூட்டு அடுப்படில பொக வரும்? இனிமே கரைப் பக்கம் மிஷின் வாணாம்" என்றார். கரைப் பக்கம் கூடாது என்றால் எங்கள் ஊரில் பாதி வயல் போயிற்று. அன்று ராத்திரியே ஏசுபாதம் நாவலூர் மேனேஜருக்குப் போன் போட்டு, பொங்கல் முடிந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மறுநாள் நான் போனபோது அக்கா மிஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வாய்ல ஊதியிருந்தா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். எல்லா வாசலும் மூடி கீதுன்னா காத்து திரும்பி வந்து கன்னத்துல முட்டும். வளை நீளம்னா லேட்டா முட்டும். எங்கியோ ஒரு வாசல் தொறந்து கீதுன்னா முட்டவே முட்டாது, சும்மா போய்க்கினே இருக்கும். இந்த ஃபேனுக்குக் கன்னம் இல்ல."

இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று நான் பாய்ந்தேன். அக்கா என்னைப் பாவம்போலப் பார்த்தார். "எனக்கே நேத்து தான தெரிஞ்சிது. முப்பது வருசமா கன்னம் ஒரு வேல செஞ்சிகினு இருந்துதுன்னு அது இல்லாதப்பதான தெரியுது" என்றார்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்டப் போனோம். கீர்த்தனா டாக்டர் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து பலமாக ஊதச் சொன்னார். ஊதினால் குழாயின் பக்கத்தில் ஒரு சிவப்பு முள் நகர்ந்து நிற்கும். அக்கா ஊதிவிட்டு டாக்டரைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தார். மூன்று தடவை ஊதச் சொன்னார்கள், அவர் ஏழு தடவை ஊதினார்.

"பரவாயில்லையே, நல்லா தேறியிருக்கு" என்றார் டாக்டர்.

"அது இருக்கட்டும் டாக்டரம்மா. இதுக்குக் கன்னம் கீது" என்றார் அக்கா.

டாக்டர் விழித்தார். நான் விளக்கப் போய், எலியில் தொடங்கிப் பிள்ளையார் வரைக்கும் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வரிசை நீண்டுவிட்டது. டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் அந்தக் குழாயைத் தர முடியாது என்றார். மனுஷ மூச்சுக்குச் செய்தது, ஃபேனுக்குச் சரிப்படாதாம்.

வெளியே வந்தால் ஒரு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மேஸ்திரிகள் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தார்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் தளம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கட்டட வேலையிலும் பார்க்கிற சமாச்சாரம்தான். அக்கா நின்றார். யாரையும் கேட்காமல் இந்தப் பக்க முனையை வாங்கி வாயில் வைத்து லேசாக ஒரு ஊது ஊதினார். அந்தப் பக்க முனையிலிருந்து தண்ணீர் எழும்பி மேஸ்திரியின் சட்டையை நனைத்தது. மேஸ்திரி கத்தினார். எங்கள் அக்காவைப் பார்த்தா கத்துகிறாய் என்று நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனேன். நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா டியூபை இன்னும் இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "போலாம் வா தம்பி, கன்னம் கெடச்சிடுச்சி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கிட்டே இருந்து பார்த்தேன், அதனால் அடித்துச் சொல்கிறேன். டின்னின் பக்கத்தில் ஒரு துளை போட்டு டியூபின் ஒரு முனையைச் செருகினார். டியூபை வளைத்துத் தண்ணீர் ஊற்றினார். ஃபேன் போட்டால், வளை மூடியிருந்தால் காற்று முட்டித் தண்ணீரைத் தள்ள வேண்டும். தள்ளியது. ஆனால் அரை விரல்கடை கூட இல்லை, கண்ணுக்கே தெரியவில்லை. இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்றாகிவிட்டது. அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு, டியூபை நிமிர்த்தி வைக்காமல் ஒரு பலகையில் சாய்த்துப் படுக்கவைத்தார். இப்போது அதே காற்றுக்குத் தண்ணீர் ஒரு சாண் ஓடியது. "மேட்டுல ஏறச் சொன்னா மூச்சு வாங்குது, சரிவுல போகச் சொன்னா ஓடுது" என்றார். பலகை நெடுக ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார், ஒன்றிலிருந்து ஐந்து வரை.

எந்தப் பொட்டுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமே. கரைப் பக்கம் போகத் தடை, அதனால் தூரத்து வயல்களில் தினமும் வளை வளையாக ஊதினார். முதலில் பொட்டைப் பார்ப்பார், பிறகு ஏசுபாதத்தை வெட்டச் சொல்லி முழம் போடுவார். பொங்கலுக்கு அப்புறம் போகப்போகிற ஊரில் இதெல்லாம் எதற்கு என்று அவர் முனகிக்கொண்டே வெட்டினார். அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அதனால் கண்டதை எல்லாம் என் வாட்ஸ்அப்புக்குக் குரலாக அனுப்பினார்.

"தம்பி, சரோஜா பேசறேன். பெரிய மடைக்கு அந்தாண்ட மூணாவது வரப்பு. எல்லா வாசலும் மூடிட்டேன். தண்ணி நாலாவது பொட்டு. போய்ச் சேர அஞ்சு எண்ணினேன். வழில ரெண்டு எடத்துல நின்னு நின்னு போச்சி. வெட்டிப் பாத்தா அஞ்சு மொழம், ரெண்டு ரூமு. அடுத்த வளைல வேணும்னே ஒரு வாசல் தொறந்து வுட்டேன். தண்ணி ஒண்ணாவது பொட்டு தாண்டல. வெக்கிறேன்."

இப்படி நாற்பத்தொரு குரல். வேன் ஓட்டும்போது வரும், நான் ஸ்பீக்கரில் போடுவேன், பின்னால் உட்கார்ந்திருக்கிற கம்பெனிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனைதான் அனுப்புவது என்று நான் ஸ்டியரிங்கைத் தட்டினேன். பின்சீட்டில் இருந்த விஷாகா என்ற பெண், "அண்ணா, வேணும்னே ஒண்ணத் திறந்து வெச்சுப் பாக்கறாங்க பாருங்க. எங்க ஆபீஸ்லயே பாதிப் பேர் இப்படி டெஸ்ட் பண்ண மாட்டாங்க" என்றாள். மறுநாளிலிருந்து வேனில் ஏறுகிறவர்கள் குட்மார்னிங்குக்குப் பதில், இன்றைக்கு எத்தனாவது பொட்டு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மார்கழி வந்தது. ஏரி முட்ட நிறைந்திருந்தது, கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. கரையை ஒட்டிய வயல்களில் பெருச்சாளி இறங்கி ராவோடு ராவாகக் கதிரை அறுத்தது. அதில் அதிகமாக அடிவாங்கியது கலையரசனின் வயல். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரே குடியிருப்புக்கு வந்தார். "ஒரே ஒரு வாட்டி. எங்கன்னா கண்ட எடத்துல பொக வந்துச்சி, மிஷினப் புடுங்கி ஏரில போட்டுடுவேன்" என்றார். வேடிக்கை பார்க்க இருபது பேர் வந்தார்கள். பர்வதம் டீச்சரும் எப்படியோ கேள்விப்பட்டு வந்து நின்றார்.

அக்கா வரப்பையும் கரைச் சரிவையும் ஒரு மணி நேரம் சுற்றி எட்டு வாசல்களைக் கண்டுபிடித்து மூடினார். டின்னைப் பொருத்தி மண் பூசினார். ஃபேன் கத்தியது. எல்லார் கண்ணும் வயல்மேல் இருந்தது, அக்காவின் கண் பலகைமேல். தண்ணீர் ஒன்றாவது பொட்டுக்கு வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

அக்கா ஃபேனை நிறுத்தினார்.

"இன்னா நிறுத்திட்ட? போடும்மா" என்றார் கலையரசன்.

"எங்கியோ ஒண்ணு தொறந்து கீது. பெருசா கீது."

"எட்டு மூடினல்ல, ஒண்ணு இருந்தா இருக்கட்டும். போடு."

கூட்டத்தில் ஒருவன் பிள்ளையாரைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றான், எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று வந்து சொன்னார். எனக்கு மானம் போயிற்று. "அக்கா, ரெண்டு கை வைக்கோல் சேத்துப் போடுங்க, வர்றது வரட்டும்" என்று நானும் கத்தினேன். அக்கா என் பக்கம் திரும்பினார். நாற்பத்தொரு தடவை குரல் அனுப்பினேனே, ஒன்றையாவது காது கொடுத்துக் கேட்டாயா என்கிற பார்வை.

"மூடாம ஒரு கை கூட போட மாட்டேன். வேணும்னா மிஷினத் தூக்கி ஏரில போடுங்க."

அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. கூட்டம் கலையத் தொடங்கியது. ஏசுபாதம் மட்டும் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தார். தண்ணீரைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். முப்பது நாளாக அந்தப் பொட்டுகளுக்குப் பதில் வெட்டிக் காட்டியவர் அவர்தானே. ஒன்றாவது பொட்டு என்றால் என்ன என்று ஊரில் அக்காவை விட்டால் அவருக்குத்தான் தெரியும். எழுந்து மளமளவென்று கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் ஏரித் தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் காட்டாமணக்குப் புதரை விலக்கிக்கொண்டே போனார்.

"சரோஜா, ஒரு வாட்டி போடு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

அக்கா போட்டார். கரைமேல் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம். ஏரித் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, புதருக்கு நடுவிலிருந்து, ஏசுபாதத்தின் முகத்துக்கு நேராகப் புகை வந்தது.

வளை இந்தப் பக்கத்து வயலில் தொடங்கி கரையை முழுசாகக் குடைந்துகொண்டு ஏரிக்குள் திறந்திருந்தது. இன்னும் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் ஏரி அந்த வழியாக உள்ளே புகும். புகுந்தால் கரை தாங்காது. கரைக்குக் கீழே முதலில் இருப்பது இருபத்திரண்டு வீடுகள், பிறகு எங்கள் நெல் முழுவதும். மறுநாள் மழை என்று காலையில்தான் டிவியில் சொல்லியிருந்தார்கள். கலையரசன் அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பார்க்க வேண்டுமே வேலையை. வேடிக்கை பார்க்க வந்த இருபது பேரும் மண் சுமந்தார்கள். ஏசுபாதம் களிமண்ணை உருட்டி உருட்டி அந்த வாயில் திணித்து மிதித்தார், மேலே மணல் மூட்டை அடுக்கினார்கள். அக்கா ஃபேனைப் போட்டார். தண்ணீர் ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு அனுப்ப நான் வீடியோ எடுத்தேன். மூன்று. நான்கு. தண்ணீர் அங்கே போய் நின்றபோது, ஃபேன் போட்டதிலிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்த டீச்சர் பதினாலில் இருந்தார்.

"பதினாலு மொழம். ஆறு ரூமு" என்றார் அக்கா.

வெட்டினார்கள். பதினாலு முழம், ஆறு அறை, பூனைக் குட்டி அளவுப் பெருச்சாளிகள் இருபத்தாறு, இரண்டு மூட்டை நெல். அறை திறக்கத் திறக்க ஊர் கூச்சல் போட்டது. வெட்டிய பள்ளத்தை அங்குலம் விடாமல் மண் போட்டு இடித்து அடைத்த பிறகுதான் கலையரசன் வாயைத் திறந்தார். இதுவரை 'ஏ சரோஜா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரோஜாம்மா, இந்தக் கரை ரெண்டு கிலோமீட்டர். மொத்தமும் ஊதிப் பாத்துடணும். வருசா வருசம் மழைக்கு முன்னாடி பாத்துடணும். பக்கத்து ஏரிக்காரங்க கிட்டயும் நான் பேசறேன்" என்றார்.

"கெடு இன்னும் பத்து நாள் தான் கீது" என்றார் அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது கணக்கு, அவ்வளவுதான். சொல்லிவிட்டு ஏசுபாதத்தைப் பார்த்தார். ஏசுபாதம் அடுத்த வளையின் வாசலுக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கையெல்லாம் களிமண். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். நாவலூர் மேனேஜர். ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, ரெண்டாம் தேதி நிச்சயம் வருகிறீர்களா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். மண் சுமந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை, டியூபில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் ஊற்றுவது நின்றுவிட்டிருந்தது.

ஏசுபாதம் போன் பக்கம் குனிந்தார். "வேற ஆள் பாத்துக்கோங்க சார். எனக்கு இங்கியே வேல கெடச்சிடுச்சி."

"அப்படியா? எந்தக் கம்பெனில?"

"எங்கூட்டுக்காரி கம்பெனி சார்."

அக்கா அப்போதும் திரும்பவில்லை. பலகையைச் சரியாகச் சாய்த்து வைத்தார். "போன வெச்சிட்டு அந்த மண்ண மிதிக்கச் சொல்லு தம்பி. இன்னும் ஆறு வளை கீது" என்றார்.